வளர்த்தி பார்த்துச் செய்த கட்டில்

தலவாக்கலை
07.07.2024

மிதுஷாவின் அப்பாவுக்கு,

போன் இருக்கும்போது இவளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் கொஞ்ச நேரத்திலேயே இருவரும் கத்த ஆரம்பித்துவிடுகிறோம். பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்று கேட்கிறாள். மெசேஜ் போட்டால் நீங்கள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுகிறீர்கள். பாதி வாசித்தீர்களா முழுதும் வாசித்தீர்களா என்பது ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். அதனால் எழுதுகிறேன். புதன்கிழமை நேர்சரியில் அவளை அழைக்க வரும்போது அவளுடைய பையின் முன்பக்கம் பாருங்கள். பதிலையும் அங்கேயே வையுங்கள். அவளுக்கு இன்னும் வாசிக்கத் தெரியாது, அந்த மட்டும் நிம்மதி.

நாங்கள் இங்கே வந்த நாளிலிருந்து மிதுஷாவை வாரக் கடைசியில் ஹட்டனுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். நான் மாட்டேன் என்றது கோபத்தில் மட்டும் இல்லை. கோபமும்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவளுக்கு ஐந்து வயதாகிறது. அப்பா வீடு என்று ஒன்று அவளுக்கும் இருக்கத்தான் வேண்டும். நம் இருவர் சண்டையில் அவளுக்கு என்ன பங்கு?

ஒரே ஒரு நிபந்தனை. அந்த வீட்டில் அவளுக்கென்று ஒரு அறை, அவளுக்கென்று ஒரு கட்டில் வேண்டும். உங்களுக்கும் மாமாவுக்கும் நடுவில் படுக்கவைப்பது, ஹாலில் பாய் போடுவது, இன்றைக்கு இங்கே நாளைக்கு அங்கே என்பதெல்லாம் கூடாது. "இது என் இடம்" என்று கையைக் காட்டிச் சொல்ல அவளுக்கு ஒன்று இருக்கவேண்டும். கட்டில் வந்த வாரமே அனுப்புகிறேன். சொன்னால் சொன்னதுதான்.

கோசலா


ஹட்டன்
13.07.2024

கோசலாவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். அங்கே பனி கொட்டுகிறது என்று பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள். பிள்ளைக்குச் சளி இல்லையே?

உன் கடிதத்தைக் கல்லாவில் வைத்தே வாசித்தேன். முழுதும் வாசித்தேன், இரண்டு தடவை. கட்டைவிரலுக்காகக் கோபித்துக்கொண்டது நியாயம்தான். கடையில் ஆள் நிற்கும்போது வேறென்ன செய்வது?

மறுநாளே கட்டில் பார்க்கப் போய்விட்டேன். அடேயப்பா, பிள்ளைகளுக்கென்று என்னென்னவோ வந்துவிட்டது! கார் மாதிரி ஒரு கட்டில், சிவப்பு, முன்னால் லைட் எரிகிறது. ஹோர்ன் கூட அடிக்கலாம். இன்னொன்று கோட்டை மாதிரி, ஏறிப் போய்ப் படுக்க வேண்டும், இறங்குவதற்குச் சறுக்குமரம். அப்புறம் இரண்டு தட்டுக் கட்டில், மேலே ஒருவர் கீழே ஒருவர். எனக்குக் காரில் ஒரு கண். அப்பா கூட வந்திருந்தார். எல்லாவற்றையும் தட்டிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் அட்டைடா. நல்லமுத்துகிட்டச் சொல்லி மரத்துல அடி. கல்யாணம் வரைக்கும் கிடக்கும்" என்றார். டிக்கோயா தச்சர் நல்லமுத்து பாஸை உனக்குத் தெரியும், நம் கடையில் துணி அடுக்கும் ராக்கை எல்லாம் அவர் செய்ததுதான். வேலை சுத்தம், ஆனால் சொன்ன தேதிக்குத் தரமாட்டார்.

கடைக்காரன் ஒரு கேள்வி கேட்டான், அங்கேதான் மாட்டிக்கொண்டேன். "புள்ள எப்படித் தூங்கும் சார்? உருளுமா, நேரா படுக்குமா?" என்றான்.  எஸ்டேட்டிலிருந்து ஒரு பிள்ளை கடைப்படி ஏறும்போதே சட்டை அளவு என்னவென்று சொல்லிவிடுவேன். என் பிள்ளை எப்படித் தூங்குவாள் என்று தெரியவில்லை. நான் கடை பூட்டி மேலே வரும்போது தூங்கியிருப்பாள். காலையில் திறக்கப் போகும்போதும் தூக்கம். தூங்கும் பிள்ளையைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன், ஆனாலும் சரியாகப் பார்க்கவில்லை போலிருக்கிறது. மனதுக்குக் கஷ்டமாக இருந்தது.

எப்படித் தூங்குவாள் என்று எழுது. அதன்படி செய்வோம்.

பிரதாபன்


தலவாக்கலை
23.07.2024

மிதுஷாவின் அப்பாவுக்கு,

கார் வேண்டவே வேண்டாம். ஹோர்ன் இருந்தால் அவள் தூங்குவாள் என்றா நினைக்கிறீர்கள்? ஹட்டன் டவுனையே எழுப்பிவிடுவாள். கோட்டையும் வேண்டாம். இரண்டு தட்டும் வேண்டாம். மேல்தட்டில் படுக்க நம்மிடம் யார் இருக்கிறார்கள்?

கேட்டீர்களே, சொல்கிறேன். படுக்கும்போது தலையணையில் தலை இருக்கும். விடியும்போது அங்கே கால் இருக்கும். உருளுவாள், சுவர்ப்பக்கம் இல்லை, வெளிப்பக்கம். ஒரு காலை எதன் மேலாவது போட்டால்தான் தூக்கம் வரும். இதுவரை அது என் மேல்தான். கையில் என் துப்பட்டா முனை இருக்கவேண்டும். நடுவில் விழித்தால் அழமாட்டாள், தானாகவே இறங்கித் தண்ணீர் குடிக்கப் போவாள். அதனால் கட்டில் தாழ்வாக இருக்கட்டும், அவள் உட்கார்ந்தால் பாதம் தரையில் படவேண்டும். வெளிப்பக்கம் பாதி நீளத்துக்கு ஒரு தடுப்புக் கட்டை போதும், முழுதும் அடைத்தால் ஏறித் தாண்டப் பார்ப்பாள். கம்பிகளுக்கு நடுவில் தலை நுழையக்கூடாது. மெத்தை தேங்காய்த் தும்பு மெத்தையாக வாங்குங்கள், ஸ்பொஞ்ச் குழி விழுந்துவிடும். சுவரை ஒட்டிப் போடாதீர்கள், ஹட்டன் மழைக்குச் சுவர் வேர்க்கும். அடியில் காற்றுப் போகவேண்டும், இல்லாவிட்டால் மெத்தை ஓதம் பிடித்து நாறிப்போகும்.

தனியாகப் படுத்து அவளுக்குப் பழக்கமில்லை. நேற்றிலிருந்து பக்கத்தில் வேறு மெத்தை போட்டுப் பழக்குகிறேன். "நான் என்ன தப்பு செஞ்சேன்மா?" என்று கேட்டாள். தப்பு ஒன்றும் இல்லை, நீ அப்பா வீட்டுக்குப் போகப் போகிறாய், அங்கே உனக்குக் கட்டில் வருகிறது என்றேன். "எனக்கு மட்டுமா?" என்றாள். ஆமாம் என்றதும் ஓடிப்போய்ப் படுத்துக்கொண்டாள். நான்தான் பக்கத்தில் கிடந்து அவள் காலைத் தேடினேன்.

கோசலா


ஹட்டன்
12.08.2024

கோசலாவுக்கு,

கட்டில் வந்துவிட்டது! நல்லமுத்து பாஸ் வழக்கம்போல இன்று நாளை என்று இழுத்தார். கடைசியில் நானே டிக்கோயாவுக்குப் போய்ப் பட்டறையில் உட்கார்ந்துவிட்டேன். நான்கு பேர் சேர்ந்துதான் மாடிக்கு ஏற்றினோம். படி திரும்பும் இடத்தில் மாட்டிக்கொண்டு, கடைக்கு வந்தவர்களெல்லாம் ஆளுக்கொரு யோசனை சொல்ல, ஒரே கூத்து.

அசல் மஹோகனி. ஆறரை அடி நீளம், நான்கரை அடி அகலம். அளவைக் கேட்டுக் கண்ணை விரிக்காதே. வளர்கிற பிள்ளை. நம் கடையில் யூனிபோர்ம் எடுக்க வருகிறவர்களிடம் அப்பா என்ன சொல்வார்? "வளர்த்தி பாத்து எடும்மா, அடுத்த வருசமும் போடலாம்." கட்டிலும் அப்படித்தான். சட்டையாவது கிழியும், இது கிழியாது. நீ சொன்னபடி பாதித் தடுப்பு வைத்தாயிற்று. தும்பு மெத்தை. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் போட்டிருக்கிறேன். அடியில் காற்றுப் போகவேண்டும் என்றாயே, அதற்காகவே காலைக் கொஞ்சம் உயரமாக வைக்கச் சொன்னேன். ஏறுவதற்கு ஒரு சின்ன ஸ்டூல் இருக்கிறது.

அறை, பின்பக்கத்து அறை. நீல பெயின்ட் அடித்திருக்கிறேன். கதவில் அவள் பெயரை எழுதி ஒட்டினேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனார்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றுவாய் என்று தெரியும். வெள்ளிக்கிழமை நேர்சரி விட்டதும் அழைத்துப் போகிறேன். ஞாயிறு மத்தியானத்துக்குள் கொண்டுவந்து விடுகிறேன். உன் துப்பட்டா ஒன்றையும் பையில் வை.

பிரதாபன்


தலவாக்கலை
20.08.2024

மிதுஷாவின் அப்பாவுக்கு,

உங்களுக்கு வெட்கமாக இல்லையா?

பிள்ளை வந்ததும் வராததுமாய் ஆசையாகத்தான் சொன்னாள். "அம்மா, என் கட்டில் ரொம்பப் பெருசு, அதுல நான் எங்க இருக்கேன்னு தாத்தா தேடுறாராம். அம்மா, கட்டிலுக்கு அடியில நெறைய மூட்ட இருக்கு. வெள்ளத்துணி, செகப்புச்சேல எல்லாம் இருக்கு. காலையில ஒரு மாமா வந்து, பாப்பா கொஞ்சம் தள்ளுங்கன்னு சொல்லி இழுத்தாரு. நான் கால மடக்கிக்கிட்டேன்." சிரித்துக்கொண்டே சொன்னாள். 

காற்றுப் போவதற்காக உயரமாக வைத்தீர்களாக்கும்! என் வார்த்தையையே எடுத்து எனக்கு வேடிக்கை காட்டுகிறீர்கள். தீபாவளிச் சரக்கு அடுக்குவதற்கு ராக்கை செய்து, மேலே ஒரு மெத்தையைப் போட்டு, அதற்குப் பிள்ளை பெயரை வைத்திருக்கிறீர்கள். கதவில் பெயர் எழுதி ஒட்டினால் போதுமா? உள்ளே யார் வேண்டுமானாலும் வரலாம், தூங்குகிற பிள்ளையைத் தள்ளச் சொல்லலாம், அப்படித்தானே?

அந்த வீட்டில் ஆறு வருஷம் இருந்தேன். என் அலுமாரியில் பாதி பாவாடைக் கட்டு. என் கட்டிலுக்கு அடியில் பெட்ஷீட் பண்டல். மிதுஷாவைப் பெற்றுக்கொண்டு டிக்கோயா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கு, தையல் வலியோடு படுத்திருக்கிறேன், "அக்கா கொஞ்சம் எந்திரிங்க, முப்பத்தாறு சைஸ் அடியில இருக்கு" என்று வந்து நின்றார்கள். நான் எழுந்தேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றேன். நீங்கள் கீழேயிருந்து "கிடைச்சிருச்சா?" என்று கத்தினீர்கள். என்னைக் கேட்கவில்லை, சரக்கைக் கேட்டீர்கள்.

இனி அனுப்பமாட்டேன். புதன்கிழமை வழக்கம்போல வந்து பார்த்துவிட்டுப் போங்கள்.

கோசலா


ஹட்டன்
26.08.2024

கோசலாவுக்கு,

உன் கடிதம் வாசித்து நான்கு நாள் பேனாவைத் தொடவில்லை. தொட்டால் ஏதாவது எழுதிவிடுவேன் என்று பயம்.

சரக்கை எங்கே வைப்பேன், சொல். றோட்டிலா? கடைக்கும் வீட்டுக்கும் இருப்பது இந்த ஒரு கட்டடம். தீபாவளிக்கு எஸ்டேட் சனம் மொத்தமாக இறங்கும்போது சரக்கு இல்லையென்று கையை விரித்தால் அடுத்த வருஷம் யார் நம் படியேறுவார்கள்? உன் படிப்புக்கு மரியாதை உண்டு, அதற்காகக் கடை என்றால் கேவலமா? அந்தக் கடைதான் நமக்குச் சோறு போட்டது.

இதுவரை எழுதிவிட்டு எழுந்து போனேன். இப்போது திரும்ப உட்கார்ந்திருக்கிறேன். மேலே எழுதியதை அடிக்கவில்லை, அதுவும் மனதில் இருப்பதுதான்.

உன்னிடம் இதைச் சொன்னதேயில்லை. எனக்குச் சின்ன வயதில் கட்டிலே கிடையாது. பின்னறையில் சேலை மூட்டைகளை அடுக்கி, மேலே சாக்கு விரித்து, அதில்தான் அப்பா என்னைப் படுக்கவைப்பார். ஹட்டன் குளிருக்கு அவ்வளவு சூடு வேறு எதிலும் வராது. தீபாவளி நெருங்க நெருங்க மூட்டைகள் விற்றுப்போகும். என் படுக்கை நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே வரும். தீபாவளியன்று நான் தரையில் படுத்திருந்தால் அப்பாவுக்கு அப்படியொரு சந்தோஷம், என்னைத் தூக்கிச் சுற்றுவார். எனக்கும் சந்தோஷம். அடுத்த சரக்கு வரும்வரை குளிரும், அது வேறு விஷயம்.

எங்கள் வீட்டில் கட்டில் என்றால் அடியில் சரக்கு இருக்கும் கோசலா. சமையலறையில் பானை இருக்கிற மாதிரி. காலை உயரமாக வை என்று நல்லமுத்து பாஸிடம் சொன்னபோது உன்னை ஏமாற்றுகிறோம் என்று சத்தியமாக எனக்குத் தோன்றவில்லை. இரண்டு வேலையும் முடியும் என்றுதான் நினைத்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று நடந்ததாக எழுதியிருக்கிறாய். எனக்கு ஞாபகமில்லை. ஞாபகமில்லை என்பதுதான் இந்த நான்கு நாளும் என்னைத் தூங்கவிடவில்லை.

பிரதாபன்


தலவாக்கலை
03.09.2024

மிதுஷாவின் அப்பாவுக்கு,

கடை கேவலம் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகள் போட்டிருப்பது உங்கள் கடைச் சட்டைதான். தோள் கீழே தொங்கினாலும் துணி நல்லது.

மூட்டைப் படுக்கையைப் பற்றி எழுதியதை வாசித்தேன். கல்யாணம் கட்டி இத்தனை வருஷத்தில் இதைச் சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லையே! சொல்லியிருந்தால் நான் கொஞ்சம் குறைவாகச் சண்டை போட்டிருப்பேன். அந்தப் பையனை நினைத்து எனக்குப் பாவமாக இருந்தது. குளிரும், அது வேறு விஷயம் என்று ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். குளிர்ந்தபோது யாரிடமாவது சொன்னீர்களா? சொல்லியிருக்கமாட்டீர்கள்.

எனக்கு என்ன பயம் என்று வெளிப்படையாகவே எழுதுகிறேன், இனி ஊகம் வேண்டாம். அந்த வீட்டில் பிள்ளையை அடிக்கமாட்டீர்கள், பட்டினி போடமாட்டீர்கள், தங்கமாக வைத்துக்கொள்வீர்கள். அதெல்லாம் தெரியும். ஆனால் அவள் காலை மடக்கிக்கொண்டாள். யாரோ தள்ளச் சொன்னார்கள், ஏன் என்று கேட்காமல் மடக்கிக்கொண்டாள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். மடக்கி மடக்கி, கடைசியில் எனக்கு அங்கே நிற்கவே இடமில்லாமல் போனது. அவளுக்கு அது நடக்கக்கூடாது. அவ்வளவுதான் என் கவலை.

நேர்சரியில் எல்லாரிடமும் கட்டிலைப் பற்றித்தான் பேச்சாம். டீச்சர் சொன்னார். படம் வரையச் சொன்னால் கட்டில் வரைகிறாள், தாளின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை கட்டில், நடுவில் புள்ளி மாதிரி அவள். "ஏம்மா போகல?" என்று தினமும் கேட்கிறாள். பொய் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

கட்டில் காலை வெட்டுங்கள். அடியில் ஒரு கைக்குட்டை கூட இருக்கக்கூடாது. அவள் அறைக்குள் வருகிறவர் யாராக இருந்தாலும், மாமாவாக இருந்தாலும், தட்டிக் கேட்டுவிட்டு வரவேண்டும். முடியுமென்றால் எழுதுங்கள். முடியாதென்றால் முடியாது என்றே எழுதுங்கள், நான் கோபிக்கமாட்டேன்.

கோசலா


ஹட்டன்
22.09.2024

கோசலாவுக்கு,

முடிந்தது. ஆனால் நீ நினைக்கிற மாதிரி சுலபமாக முடியவில்லை.

முதலில் அப்பா. மஹோகனிக் காலை வெட்டப் போகிறேன் என்றதும், "ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? நல்ல மரத்த எவனாச்சும் வெட்டுவானா?" என்று குதித்தார். சரக்கை வெளியே கொண்டுபோகிறேன் என்றதும் பேச்சையே நிறுத்திவிட்டார். மூன்று வேளையும் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டார். நான் உன் கடிதத்தை அவருக்குக் காட்டவில்லை, பயப்படாதே. "அந்தப் புள்ள கால மடக்கிக்கிச்சாம்ப்பா" என்று மட்டும் சொன்னேன்.  அப்புறம் அவரே போய், கோயில் வீதியில் பூட்டிக்கிடந்த ஒரு அறையை வாடகைக்குப் பேசி முடித்துவிட்டு வந்தார். முகத்தை மட்டும் இன்னும் தூக்கித்தான் வைத்திருக்கிறார்.

அடுத்து நல்லமுத்து பாஸ். ஒரு காலை அளவு பார்க்காமல் வெட்டிவிட்டார். கட்டில் ஆடியது. அதற்குச் சரியாக மற்றதை வெட்டினார், வேறு பக்கம் ஆடியது. "இருங்க மொதலாளி, இந்தா சரியாயிரும்" என்று மாறி மாறி வெட்டியதில் நீ கேட்டதைவிடத் தாழ்ந்துபோய்விட்டது. இன்னும் இரண்டு தடவை வெட்டியிருந்தால் பாயாகியிருக்கும். ஆனால் இப்போது ஆடவில்லை. நீளத்தையும் குறைத்தேன். தலைமாட்டில் குறுக்கே ஒரு தட்டு அடித்து, அவள் புத்தகம் பொம்மை வைக்க இடம் செய்தாயிற்று. வளர வளரத் தட்டைத் தள்ளிக்கொள்ளலாம். வளர்த்தியை முழுதாக விட்டுவிட என்னால் முடியவில்லை, இதை மட்டும் மன்னித்துவிடு.

அடியில் ஒன்றும் இல்லை. நான் சொல்லி நீ நம்பவேண்டாம். அடுத்த சனிக்கிழமை அவளோடு நீயே வந்து பார். ஒரு டீ குடித்துவிட்டுப் போகலாம். கடையில் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள், நான் சொல்லிவைக்கிறேன்.

பிரதாபன்


தலவாக்கலை
01.10.2024

மிதுஷாவின் அப்பாவுக்கு,

சனிக்கிழமை நான் ஒன்றும் பேசாமல் கிளம்பி வந்துவிட்டேன். டீயையும் பாதியில் வைத்துவிட்டேன். கோபம் என்று நினைத்திருப்பீர்கள். கோபமில்லை, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

கட்டில் நன்றாக இருக்கிறது. அவள் உட்கார்ந்தபோது பாதம் தரையில் பட்டது. தலையணை மட்டும் உயரம், மெல்லியதாக ஒன்று வாங்குங்கள். தட்டின் முனையை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள், எழும்போது தலையில் இடிக்கும்.

அந்த அறைக்கு ஒரு ஜன்னல் இருக்கிறது. உங்களுக்குத் தெரியும், நீங்கள் பிறந்த வீடு. எனக்குத் தெரியாது. ஆறு வருஷமும் அந்த அறைக்குள் நூறு தடவை போயிருப்பேன், கூரைவரை பண்டல்தான் பார்த்திருக்கிறேன். சனிக்கிழமை மிதுஷா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், "அம்மா, இங்க வந்து பாருங்க, கோச்சி தெரியுது" என்றாள். ஸ்டேஷனும் நிற்கிற ரயிலும் தெரிகிறது, அந்தப் பக்கம் தேயிலை மலை முழுக்கத் தெரிகிறது. எவ்வளவு வெளிச்சம்! நான் அங்கே இருந்த காலத்தில் வெயில் காணவில்லை என்று எத்தனை நாள் அழுதிருப்பேன். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்திருக்கிறது. பிள்ளைக்காகச் செய்தீர்கள், நல்லது, மனதார நல்லது. இதே கையால் அன்றைக்கு ஒரு மூட்டையை நகர்த்தியிருக்கலாமே என்றும் இருந்தது. அழுகை வந்துவிட்டது. மாமா முன்னால் அழ எனக்குப் பிடிக்கவில்லை, அதனால்தான் கிளம்பினேன்.

இந்த வெள்ளியிலிருந்து அவளை அழைத்துப் போங்கள். பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். இன்றைக்கு அறை காலியாக இருக்கிறது. தீபாவளி வரட்டும், பார்க்கிறேன்.

கோசலா


ஹட்டன்
28.10.2024

கோசலாவுக்கு,

தீபாவளிக்கு இன்னும் மூன்றே நாள். கடையில் கால் வைக்க இடமில்லை. இதை எழுதும்போதே இரண்டு பேர் கூப்பிட்டுவிட்டார்கள், வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுதுகிறேன். நீ யார் வாயிலாவது கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடவேண்டும். புதன்வரை வைத்திருக்காமல் தலவாக்கலை பஸ்ஸில் இன்றே கொடுத்தனுப்புகிறேன்.

சனிக்கிழமை கொழும்பிலிருந்து கடைசிச் சரக்கு வந்தது. லொறிக்காரன் மழையில் இறக்கிப் போட்டுவிட்டுப் போய்விட்டான். கோயில் வீதி அறை நிரம்பி வழிகிறது. கடைக்குள் சனம். வாசலில் சேலை மூட்டை நனைகிறது. எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை கோசலா. மூட்டையைத் தூக்கினேன், மாடிப்படி ஏறினேன், நேரே பின்னறைக்குப் போனேன். என் கால் தானாகவே போனது. தட்டவில்லை. இரண்டு கையிலும் மூட்டை, தோளால் கதவைத் தள்ளினேன்.

மிதுஷா தரையில் உட்கார்ந்து பொம்மைக்குச் சட்டை போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கதவுக்கு நடுவில் நின்றாள். இரண்டு கையையும் விரித்துக்கொண்டாள்.

"அப்பா, கடை கீழ இருக்கு" என்றாள்.

"தெரியும்டா தங்கம். மழை பெய்யுதுல்ல, சேல நனையுது. ரெண்டு நாளைக்கு மட்டும் வச்சிக்கிறேன்."

"இல்ல. இது கடை இல்ல. இது என் ரூம்."

"அப்பாவுக்காகக் கொஞ்சம் தள்ளிக்க சாமி, கை வலிக்குது."

"தள்ளமாட்டேன். கை வலிச்சா கீழ வைங்க."

அழவில்லை, கத்தவில்லை, முகத்தில் பயமும் இல்லை. மழை பெய்கிறது என்பது மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். எனக்குப் பின்னால் படியில் அப்பா இன்னொரு மூட்டையோடு மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "ஆத்தாடி! சரிதாண்டா, எறக்கு" என்றுவிட்டு அவர் முதலில் திரும்பினார். இரண்டு பேரும் இறங்கினோம். மூட்டைகள் இப்போது என் கட்டில் மேல் இருக்கின்றன. நான் இரண்டு நாளாக ஹாலில் படுக்கிறேன்.

அனுப்பமாட்டேன் என்று நீ முடிவெடுத்தால் எதிர்த்துப் பேச என்னிடம் ஒன்றுமில்லை. நான் மறந்துபோனேன், அதுதான் உண்மை. ஆனால் தீபாவளிக்கு அவள் இங்கே இருக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறாள். நானும்தான். நீயும் வந்தால் நன்றாக இருக்கும். கேட்க எனக்கு யோக்கியதை இல்லை, இருந்தாலும் கேட்டுவிட்டேன்.

பிரதாபன்


தலவாக்கலை
29.10.2024

மிதுஷாவின் அப்பாவுக்கு,

நாளைக்கு நேர்சரிக்கு வரும்போது அவளுடைய தீபாவளிச் சட்டையும் பையில் இருக்கும். அங்கேயே கொண்டாடட்டும். சட்டையை நானே தைத்தேன், அளவாக இருக்கிறது, மாமாவிடம் காட்டாதீர்கள்.

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு அவளிடம் மெதுவாகக் கேட்டேன். "அப்பா மூட்டையோட வந்தப்ப பயமா இருந்துச்சா?" "எதுக்கும்மா பயம்? அப்பாவுக்கு மறந்துபோச்சு, நான் சொன்னேன்" என்றாள். அவ்வளவுதான், விளையாடப் போய்விட்டாள். நான் அடுப்பில் பாலை வைத்திருந்தேன், அது பொங்கி வழிந்த பிறகுதான் பார்த்தேன்.

ஆறு வருஷம் அந்த ஒரு சொல் என் தொண்டையில் இருந்தது. இது என் ரூம், தள்ளமாட்டேன். எத்தனை ராத்திரி மனதுக்குள் சொல்லிப் பார்த்திருப்பேன்! மறுநாள் யாராவது வந்து நின்றால் எழுந்துவிடுவேன். சொன்னால் வீடு இடிந்துவிடும் என்று நினைத்தேன். அவள் சொன்னாள், நீங்கள் இரண்டு பேரும் மூட்டையை இறக்கிக்கொண்டு போய்விட்டீர்கள்.

இனி ஒவ்வொரு தடவையும் என்னைக் கேட்கவேண்டாம். வெள்ளிக்கிழமைகளில் அழைத்துப் போங்கள். அவளை அனுப்ப எனக்குப் பயமில்லை.

என்னை வரச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். கேட்டதில் தப்பில்லை. ஆனால் அந்த வீட்டில் நின்று தள்ளமாட்டேன் என்று சொல்ல எனக்கு இன்னும் வராது. பழகியதும் வருகிறேன்.

கோசலா